மெர்சி அக்காவின் லிமா இரவுகள்

மெர்சி அக்கா காலமான செய்தி ஒரு திங்கட்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது. அவருடைய தம்பி சாமுவேல்தான் பேசினார். "லதா, அக்கா போய்ட்டாங்கமா. விடிகாலைல, வேலூர் ஆஸ்பத்திரியில" என்றார். பிறகு அவரே, "நேத்து சாயங்காலம்கூட ரெண்டு நர்சுங்கள உக்கார வச்சிக்கினு பாட்டு சொல்லிக் குடுத்துக்கினு இருந்தாங்க" என்றார். முன் சீட்டில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் பின்னாலிருந்தவர்களிடம் சொன்னாள். ரேணிகுண்டா ரோட்டைத் தாண்டுவதற்குள் பஸ் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எங்கள் பாட்டரி தொழிற்சாலையில் தரப் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவர் அவர். அந்த பஸ்ஸில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு.

மறுநாள் சித்தூரில் அடக்க ஆராதனை. பலர் பேசினார்கள். தப்பான பாட்டரி ஒன்றைக்கூட வெளியே விடாதவர் என்றார்கள். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைக் கல்யாணமே செய்துகொள்ளாமல் பல வருடம் பார்த்துக்கொண்டவர் என்றார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து பாடகர் குழுவில் ஆல்டோ என்கிற கீழ்க்குரல் பாடியவர் என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆயர் மட்டும் கடைசியில், "நம்ம மெர்சி அக்கா லிமாவுலயும் பாடினவங்க" என்று ஒரு வரி சொன்னார். சபையில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். அங்கே அவரோடு இருந்தவள் நான் ஒருத்திதான். அவரை அறிந்தவர்கள் முழுதாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் ஆட்டோக்களுக்காகச் செய்யும் பாட்டரி, தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக்குப் போகிறது. அதன் தலைநகரமான லிமாவில் நம் ஊர் ஆட்டோக்கள் தெருத்தெருவாக ஓடுகின்றன. அங்குள்ள மெக்கானிக்குகளுக்குப் பாட்டரியைப் பராமரிக்கச் சொல்லிக்கொடுக்க மூன்று மாதம் யாராவது போக வேண்டியிருந்தது. மேனேஜர் மெர்சி அக்காவைக் கேட்டார். அவரிடம் அப்போது பாஸ்போர்ட்கூட இல்லை. அம்மா இருந்தவரை சித்தூரைத் தாண்டி ஒரு ராத்திரி தங்கியதில்லை. அந்த அம்மா அந்த வருடம்தான் இறந்திருந்தார். ஒரு நாள் யோசித்துவிட்டு, துணைக்கு ஒரு பெண் வந்தால் போகிறேன் என்றார். பயிற்சிப் பிரிவில் இருந்த எனக்கு, செல்போனைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஸ்பானிஷ் கொஞ்சம் தெரியும். மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன். பிச்சாட்டூரில் பிறந்து திருப்பதியில் குடித்தனம் நடத்தும் எனக்கும் அதுதான் முதல் வெளிநாடு.

லிமாவில் நாங்கள் போன சமயம் குளிர்காலம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. நாள் முழுக்க ஈரத்துணியைப் பிழிந்து உதறியது போல ஒரு பனித் தூறல். வேலை முடிந்து வந்ததும் அக்கா கதவைத் தாழ் போட்டுவிடுவார். கொண்டுபோன புளியில் ரசம் வைப்போம். ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுவோம். முதல் வெள்ளிக்கிழமை, தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவர் இருட்டில் ஜன்னலருகே நின்றிருந்தார். கீழே தெரு நிறைய ஆட்கள்.

"இன்னாக்கா, தூக்கம் வரலியா?"

"எங்க போறாங்க லதா இவங்கல்லாம்? கைக்கொழந்தைய தூக்கிக்கினு போறாங்க. என்னைவிட வயசானவங்கல்லாம் லிப்ஸ்டிக் போட்டுக்கினு போறாங்க."

"பாட்டு கேக்கப் போவாங்களாம்க்கா. ரோசா சொன்னாங்க."

அவர் திரும்பாமலே சொன்னார். "எட்டு மணிக்கு மேல நான் வீட்டுக்கு வெளிய நின்னதெல்லாம் ஆஸ்பத்திரி வராண்டாவுலதான்."

வருத்தமாகச் சொல்லவில்லை. அப்போதுதான் அதைக் கவனித்தவர் போலச் சொன்னார்.

ரோசா, அங்கே எங்கள் பாட்டரியை விற்கும் டீலர் ஆபீஸில் கணக்குப் பார்த்தவர். அக்காவின் வயதுதான் இருக்கும். அவருடைய கணவர் வாரக்கடைசியில் ஒரு பாட்டுக்கூடத்தில் தாளம் வாசிப்பவர். அடுத்த வாரம் ரோசா எங்களை அங்கே அழைத்தார். "குடிப்பாங்களான்னு கேளு" என்றார் அக்கா. நான் செல்போனின் உதவியோடு கேட்டேன். குடிக்கிறவர்கள் குடிப்பார்கள், பாடுகிறவர்கள் பாடுவார்கள், இரண்டும் செய்கிறவர்களும் உண்டு என்று ரோசா சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். மூன்று நாள் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் மீட்டர்களைப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டே, "போலாமா?" என்றார் அக்கா. எங்கே என்று நான் கேட்கவில்லை.

பாட்டுக்கூடம் கடலோரமாக, பர்ராங்கோ என்கிற பழைய பகுதியில் இருந்தது. அக்கா கஞ்சி போட்ட காட்டன் புடவையும் மேலே ஸ்வெட்டரும், கையில் குடையுமாக வந்தார். சரியாக எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே மேஜைகள் மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரு சர்வர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்தரைக்கு மேல்தான் ஆரம்பிப்பார்களாம். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "சர்ச்சுக்கு அரை மணி முன்னாடி போயே பழக்கம். பர்வாலேது, காத்துக்கினு இருப்போம்" என்று சொல்லிவிட்டு, குடையை மூலையில் சாத்தி, நாற்காலிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் போட ஆரம்பித்தார். சர்வர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அக்கா கேட்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் போன வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் அந்த சர்வர் எங்களுக்குத்தான் முதலில் மேஜை கொடுப்பார். அன்றைக்கு மட்டும் அக்கா கடைசியில், சுவரோரமாக உட்கார்ந்தார்.

ஊதா நிறத்தில் ஒரு பானம் கொண்டுவந்தார்கள். "இதுல சரக்கு இருக்கான்னு கேளு." இல்லையாம். கறுப்பு மக்காச்சோளத்தைப் பட்டை, கிராம்பு, அன்னாசித் தோலோடு வேகவைத்து வடிகட்டியதாம். அக்கா ஒரு வாய் குடித்துப் பார்த்து, "பிரியாணி மசாலா போட்ட ஜூஸ் மாதிரி இருக்குது" என்றார். ஆனால் இன்னொரு தம்ளர் வாங்கிக் குடித்தார்.

பதினோரு மணிக்குக் கூடம் நிரம்பிவிட்டது. பாட்டிகள், பேரப்பிள்ளைகள், காதலர்கள், தனியாக வந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். இரண்டு கிட்டார். ரோசாவின் கணவர் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே அதன் முகப்பைக் கையால் தட்டினார். அந்தப் பெட்டிதான் அவர்களுக்கு மத்தளம். வெள்ளி நிறச் செருப்புப் போட்டுக்கொண்டு ஒரு பாடகி வந்தார். அறுபதைத் தாண்டியவர். அவர் முதல் வரியைப் பாடினார். இரண்டாம் வரியைக் கூடமே பாடியது. இத்தனை பேர் ஒன்றாகப் பாடி, யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்காமல் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மூன்றாவது பாட்டில்தான் அது நடந்தது. பல்லவி திரும்பி வந்தபோது என் பக்கத்தில் வேறொரு குரல் கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, வார்த்தை எதுவும் இல்லாமல், அந்த மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டிருந்தார். ஆல்டோ பாடுகிறவர்கள் அப்படித்தான். மேலே போகிற குரலுக்குக் கீழே, அதோடு சேர்ந்தும் சேராமலும் போவார்கள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். ரோசா எழுந்து மேடைக்குப் போய்ப் பாடகியின் காதில் ஏதோ சொன்னார். பாடகி மைக்கை எடுத்துக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே நடந்து, நேராக எங்களிடம் வந்தார்.

அக்கா கண்ணைத் திறந்தபோது மைக் அவர் முன்னால் இருந்தது. நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. பாட்டு முடியும்வரை இருவரும் சேர்ந்து பாடினார்கள், ஒருவர் ஸ்பானிஷிலும் ஒருவர் வெறும் 'ஆ'விலும். முடிந்ததும் கூடம் கைதட்டியது. உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள் என்றார் பாடகி. ரோசா அக்காவின் கையைப் பிடித்து முன்னால் அழைத்துக்கொண்டு போனார். "லதா, போன்ல பிடி. சாமுவேலு நம்ப மாட்டான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார் அக்கா.

அவர் பாடியது நம் சபையில் பாடும் பழைய கீர்த்தனை ஒன்று. ராத்திரி அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, அவர் தூங்கும்வரை பாடுகிற பாட்டு என்று எனக்கு அப்புறம் சொன்னார். இரண்டு வரி தனியாகப் பாடினார். மூன்றாவது வரியில் ஒரு கிட்டார் மெதுவாக வந்து சேர்ந்தது. அடுத்த சரணத்தில் மரப்பெட்டி, நடக்கிற மாதிரி ஒரு தாளத்தில், சேர்ந்துகொண்டது. சர்வர்கள் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. முடிந்ததும் பாடகி அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டார். இத்தனை நாள் எங்கே பாடிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்கிறார் என்றேன். "சர்ச்சுல ரெண்டாவது வரிசையில நின்னு பாடிக்கினு இருந்தேன்னு சொல்லு" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு வாரக்கடைசிகளில் எங்களை அறையில் பார்த்தவர்கள் இல்லை. பாட்டுக்கூடம் மட்டும் இல்லை. நகரத்தின் நடுவே பெரிய கொட்டகை ஒன்றில், எலெக்ட்ரிக் கிட்டார் வைத்துக்கொண்டு மலையிலிருந்து வந்த கூட்டம் வாசிப்பதைக் கேட்டோம். மாதா கோயில் திருவிழாவுக்கு பாண்டு வாத்தியக்காரர்கள் தெருவில் போனபோது பின்னாலேயே போனோம். தெருவோரம் கரியில் வாட்டிக் குச்சியில் கோத்துத் தந்த கறி, மாட்டு இதயம் என்று தெரிந்ததும் அக்கா நிதானமாக, "எங்க நைனா இருந்தா பத்து குச்சி துன்னிருப்பாரு" என்றார். எனக்கு அது ஆகாது. பூசணி மாவில் வளையம் வளையமாகச் சுட்டு, வெல்லப்பாகு மாதிரி ஒன்றை ஊற்றித் தரும் பலகாரம் எனக்கு. ஒரு பெரியவர் அக்காவை நடனமாடக் கூப்பிட்டார். முட்டி வலி என்று மறுத்துவிட்டார். அடுத்த வாரம் ரோசா கூப்பிட்டபோது எழுந்து போனார். முழுப் பாட்டுக்கும் ஆடினார். நன்றாக ஆடினார் என்று சொல்ல முடியாது. ஆனால் தாளம் தப்பவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் அதே பழைய மெர்சி மேடம்தான். ஆசிட் அளவு தவறினால் மெக்கானிக்கின் கையிலிருந்து புனலைப் பிடுங்கிவிடுவார். எங்கேயோ பாடினார் என்ற செய்தி அவர்களுக்கும் எட்டியிருந்தது. ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் கிட்டாரோடு வந்துவிட்டார். "வகுப்பு முடியட்டும்" என்றார் அக்கா. முடிந்ததும் உட்கார்ந்து பாட்டைக் கேட்டார்.

ஒரு இரவு டாக்ஸியில் திரும்பும்போது கேட்டேன், "ஊருக்குப் போனா இதெல்லாம் இருக்காதேக்கா, கஷ்டமா இருக்காதா?"

"வேலைக்கு டைம் பாத்துப் போறோம். டாக்டரண்ட டைம் வாங்கிக்கினு போறோம். சந்தோஷத்துக்கு மட்டும், டைம் கெடச்சா பாக்கலாம்ன்றோம். அது எப்ப கெடைக்கும்?" என்றார். சொல்லிவிட்டு, டிரைவர் வைத்திருந்த ரேடியோப் பாட்டுக்குக் கீழே பாட ஆரம்பித்தார். டிரைவர் சத்தத்தைக் கூட்டினார்.

அந்த முதல் இரவு நான் எடுத்த வீடியோவை அக்கா தம்பிக்கு அனுப்பியிருந்தார். தம்பியின் மனைவி பெருமையாக அதை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். அது சபையின் வாட்ஸாப் குழுவுக்குப் போனது. படத்தில் அக்காவுக்கு முன்னால் இருந்த மேஜையில் பீர் பாட்டில்கள் வரிசையாகத் தெரிந்தன. நாங்கள் ஊர் திரும்பிய வாரமே சபைக் கமிட்டி கூப்பிட்டது. "நீயும் வா. நேர்ல பாத்தவ நீதான்" என்று அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

சபையின் கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. நான் வாசலோர பெஞ்சில் உட்கார்ந்தேன். கமிட்டியில் மூத்தவரான தேவதாஸ் ஐயாதான் பேசினார். அதட்டிப் பேசுகிறவர் இல்லை.

"கர்த்தருடைய பாட்ட குடிக்கிற எடத்துல பாடுனியாம்மா?"

"ஆமாங்கய்யா."

"பாடலாமா?"

"ஒருத்தர் அசையலங்கய்யா. தட்டு தூக்கிக்கினு போனவங்க அப்டியே நின்னுட்டாங்க. இங்க நான் பாடும்போது மூணாவது பெஞ்சுல போன் பேசிக்கினு இருப்பாங்க."

கமிட்டியில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். தேவதாஸ் ஐயா சிரிக்கவில்லை. "சபைக்கு முன்னாடி ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுடு. இதோட முடிச்சிக்கலாம்" என்றார்.

அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"தப்பு பண்ணியிருந்தா கேட்டிருப்பங்கய்யா. சந்தோஷமா இருந்ததுக்கு எப்படி மன்னிப்பு கேக்கறதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

பாடகர் குழுவிலிருந்து அவரை நிறுத்தி வைத்தார்கள். வெளியே வந்ததும் எனக்குத்தான் அழுகை வந்தது. சிறுவயதிலிருந்து அவர் நின்ற இடம் அது. அக்கா ஆட்டோ பிடித்து, பஸ் ஸ்டாண்டில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, திருப்பதி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அன்றிரவு தூங்கவே இல்லை என்று பின்னால் ஒருநாள் சொன்னார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அரை மணி முன்னால் கோயிலுக்குப் போனார். நடு பெஞ்சில் உட்கார்ந்து, அங்கிருந்தபடியே ஆல்டோ பாடினார். அவர் பாடுவதை யாரால் தடுக்க முடியும்? பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அந்தக் குரலைப் பிடித்துப் பாடக் கற்றுக்கொண்டார்கள். சில மாதத்தில் மேடையில் இருந்த குழுவைவிட அந்த பெஞ்சு நன்றாகப் பாடியது என்று சாமுவேல் சொல்வார். கிறிஸ்துமஸ் நெருங்கியபோது, ஆல்டோவுக்கு ஆள் போதாமல் குழுத்தலைவரே அக்காவின் வீட்டுக்கு வந்தார். கூடவே தேவதாஸ் ஐயாவும் வந்தார்.

அக்கா காபி கொடுத்தார். வருகிறேன் என்றார். ஆனால் ஒன்று கேட்டார். மாதத்தில் கடைசி சனிக்கிழமை ராத்திரி, சாப்பாட்டுக்கு அப்புறம், சபை ஹாலைத் திறந்துவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் வரலாம். தமிழோ தெலுங்கோ, கீர்த்தனையோ சினிமாப் பாட்டோ, பாடத் தெரிந்தவர்கள் பாடலாம், தெரியாதவர்கள் கேட்கலாம். "குடி கெடையாதுங்கய்யா. சுண்டலும் டீயும்தான்" என்றார். தேவதாஸ் ஐயா காபியைக் குடித்து முடித்துவிட்டு, "எத்தன மணி வரைக்கும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே விஷயம் முடிந்துவிட்டது என்பார் அக்கா.

முதல் சனிக்கிழமைக்கு நானும் என் கணவரும் மகளும் போயிருந்தோம். கங்காதர நெல்லூரிலிருந்துகூட இரண்டு குடும்பம் வந்திருந்தது. எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள், யாரும் எழுந்து பாடவில்லை. அக்கா யாரையும் வற்புறுத்தவில்லை. கடைசியில் எழுந்தவர் தேவதாஸ் ஐயாவின் மனைவி லில்லி அம்மா. கல்யாணத்துக்கு முன்னால் பாடிய ஒரு பழைய தெலுங்கு சினிமாப் பாட்டைப் பாடினார். சரணத்தில் வார்த்தை மறந்து நின்றுவிட்டார். அக்கா கீழ்க்குரலில் மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போக, லில்லி அம்மாவுக்கு வார்த்தை வந்துவிட்டது. தேவதாஸ் ஐயா மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ பாடுவான்னே எனக்குத் தெரியாது" என்று என் கணவரிடம் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து ஹாலைத் திறந்து நாற்காலி போடுகிறவர் அவர்தான். அக்காவின் சவப்பெட்டியை முதலில் தோள் கொடுத்துத் தூக்கியவர்களிலும் அவர் ஒருவர்.

அக்காவுக்கு சர்க்கரையும் இதய நோயும் இருந்தன. ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த காலம் நாங்கள் நினைத்ததைவிடக் குறைவு. ஆனால் அந்தக் காலத்தை அவர் முழுதாக அனுபவித்தார். ரோசாவுக்குச் செய்தி எழுதினேன். அந்த வெள்ளிக்கிழமை பாட்டுக்கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்று பாடியதாகப் பதில் வந்தது. சித்தூர் சனிக்கிழமைகள் தொடரும் என்று ஆயர் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது வேறு. நான் எங்கே போனாலும் ஒரு காரணத்தோடு போகிறவள். மகளுக்காக, மாமியாருக்காக, வேலைக்காக. காரணம் இல்லாத இடத்துக்குப் போனால், போவதற்கு முன்பே நாலு பேருக்குச் சொல்ல ஒரு பதிலைத் தயார் செய்துகொள்வேன். போன வாரம் திருப்பதியில் எங்கள் தெருவுக்குப் பக்கத்து மைதானத்தில் மெல்லிசைக் கச்சேரி நடந்தது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். முன் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். அடுத்த நாற்காலியில் இருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒண்டியாவா வந்தீங்க? பாடுறவங்க உங்க சொந்தமா?"

"இல்லமா" என்றேன். "கேக்கறதுக்கு நல்லாருக்கும்னு வந்தேன்."

அவர் சற்று நகர்ந்து, மேடை எனக்கு நன்றாகத் தெரியும்படி இடம் விட்டார்.